நான் நடந்து காட்டிய நோய்கள்

எங்கள் சபையில் பிசியோதெரபி படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். ஆராதனை முடிந்து எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து செல்போனில் ஒரு படம் காட்டினாள். யாரோ ஒரு மனிதர், ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தா. நடக்க நடக்க அவர் கழுத்து தானாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

"இதுக்குப் பேரு டிஸ்டோனியா, பாட்டி. எங்களுக்கு கிளாஸ்ல இப்படி வீடியோ போட்டுத்தான் காட்டுறாங்க. உங்க காலத்துல இதெல்லாம் ஏது? ஸ்டூடண்டுங்களுக்கு எப்படிக் காட்டுனாங்க?"

"என்னை வச்சித்தான் காட்டுனாங்க" என்றேன்.

கிழவி தமாஷ் பண்ணுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். நான் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அந்த வயசான முட்டியோடு, சர்ச் வாசலில் நாலு தப்படி நடந்து காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. "பாட்டி, இதை எழுதிக் குடுங்க, எங்க காலேஜ் மலர்ல போடலாம்" என்றாள். நான் சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூணாவது வரைக்கும் படித்தவள். பைபிள் வாசிப்பேன், பேருந்துப் பலகை வாசிப்பேன். எழுதுவது மெள்ளத்தான். எழுத்தில் பிழை இருந்தால் அந்தப் பெண் திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தில் பிழை இருக்காது.

என் பேர் கிரேசம்மா. எங்க நைனா சித்தூர் மிஷன் காம்பவுண்டில் தோட்ட வேலை பார்த்தார். கல்யாணம் ஆகி ஒரு பிள்ளை பிறந்த பிறகு நான் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தேன். பெட்பேன் வைப்பது, துணி மாற்றுவது, பிணத்துக்குத் தாடை கட்டுவது எல்லாம் சித்தூரில் கற்றுக்கொண்டதுதான். அதைப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, எல்லா ஆயாவும் செய்கிறதுதான். அப்புறம் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பேர் போடவில்லை. அங்கே நரம்பு வியாதிக்கென்று தனியாக டிபார்ட்மெண்ட் ஆரம்பித்திருந்தார்கள். அதற்கு வந்த பெரிய டாக்டரை நாங்கள் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதனால் இங்கேயும் பெரிய டாக்டர் என்றே சொல்கிறேன்.

அவர் தெலுங்குக்காரர். தமிழ் புரியும், பேசும்போது பாதியில் தெலுங்குக்குப் போய்விடுவார். ஒல்லியான மனிதர், குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மற்ற டாக்டர்கள் நோயாளி முன்னால் வந்து உட்கார்ந்த பிறகுதான் பார்க்க ஆரம்பிப்பார்கள். இவர் அப்படி இல்லை. வராந்தாவின் கடைசியில் ஒரு மர நாற்காலியைப் போட்டுக்கொண்டு, பேப்பர் விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நோயாளிக்கு அவர்தான் டாக்டர் என்று தெரியாது. பெஞ்சியிலிருந்து அவர்களை எழுப்பி, அவர் முன்னால் நடத்திக் கூட்டிக்கொண்டு போய் அறைக்குள் உட்கார வைக்கிறது என் வேலை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். எந்த ஊர், எந்த பஸ்ஸில் வந்தீர்கள், ரேணிகுண்டாவில் மாறினீர்களா, இப்படி. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்ல வேண்டும். குனிந்து கழற்றுகிறார்களா, உதறிக் கழற்றுகிறார்களா, சுவரைப் பிடிக்கிறார்களா, அவர் பேப்பருக்கு மேலே பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஏமம்மா கிரேசு, என் முன்னாடி உட்கார்ந்தா பாதி நோய் ஓடிப்போகும், பாதி நோய் ரெண்டு மடங்கா ஆகும். செருப்பு கழட்டுறப்போ இருக்கிறதுதான் சரியான நோய்" என்பார்.

உள்ளே வந்த பிறகும் அவசரம் கிடையாது. கட்டை விரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொடச் சொல்வார். பல்பு மாட்டுகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்பச் சொல்வார். ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொரு டம்ளரில் ஊற்றச் சொல்வார். பேனா பிடிக்கத் தெரிந்தவர்களைச் சுழி போடச் சொல்வார், தெரியாத பெண்களைத் தரையில் கோலமாவால் சுழி இழுக்கச் சொல்வார். குதிகாலால் நட, நுனிக்காலால் நட, பின்பக்கமாக நட, ஓடு. அப்புறம்தான் சுத்தியல், விளக்கு எல்லாம்.

கடைசியில் கேட்கிற கேள்வி எல்லாருக்கும் ஒன்றுதான். "இதை நிறுத்துறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" சித்தூரில் பத்திரப் பதிவு ஆபீசில் எழுதுகிறவர் ஒருவர் வந்தார். சாப்பிடுவார், சட்டைப் பொத்தான் போடுவார், சவரம் செய்துகொள்வார், பேனா எடுத்தால் மட்டும் விரல் சுருண்டு காகிதத்தைக் குத்தும். லஞ்சம் வாங்கின பாவம் என்று ஆபீசில் சொல்லிக்கொண்டார்களாம். இன்னொரு பெண்மணிக்குக் கழுத்து இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு விரலைத் தாடையில் லேசாக வைத்தால் போதும், நேராக நிற்கும். தள்ளக்கூட வேண்டாம், வைத்தால் போதும். இதெல்லாம் நடிப்பு என்று ஊரில் சொல்லி அனுப்பியவை. ஒரு விரலில் நின்றுபோகிறது என்றால் அது நோயா என்று கேட்பார்கள். ஒரு விரலில் நின்றுபோகிறது, அதனால்தான் இது நோய் என்பார் பெரிய டாக்டர்.

கங்காதர நெல்லூர் பக்கத்திலிருந்து முழுகாமல் இருந்த ஒரு சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலை பின்னால் வளைந்து, கண் இரண்டும் மேலே சொருகி, நாக்கு வெளியே. அம்மன் ஏறிவிட்டாள் என்று வேப்பிலையும் குங்குமமுமாக இருந்தாள். பெரிய டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார். "வாந்திக்கு ஊசி போட்டீங்களா?" போட்டார்களாம், காலையில். அந்த ஊசி சிலருக்கு இப்படி இழுத்துவிடுமாம். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் நரம்பில் ஒரு மருந்தை மெள்ள ஏற்றினார். ஊசியை எடுக்கும் முன்னே கழுத்து இறங்கிவிட்டது. அந்தப் பெண் முதலில் கேட்டது தண்ணீர்.

நான் நோய்களை நடக்க ஆரம்பித்தது ஒரு தற்செயல். கிளாஸ் நாளில் காட்டுவதற்கு வைத்திருந்த நடுக்கு வாதக் கிழவர் காலையிலேயே சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார். ஸ்டூடண்டுகள் எல்லாம் நிற்கிறார்கள். பெரிய டாக்டருக்கு முகம் சிறுத்துவிட்டது. "கிரேசு, தினம் நீதானே கூட்டிக்கிட்டு வந்த, அவரு எப்படி நடந்தாரு, இவங்களுக்குச் சொல்லு" என்றார். எனக்குச் சொல்ல வரவில்லை. நடந்துவிட்டேன். கூனிக்கொண்டு, கையை வீசாமல், சின்னச் சின்ன அடியாக, முன்னால் விழப் போகிறவன் மாதிரி வேகம் பிடித்து, திரும்பும்போது கட்டையைத் திருப்புகிற மாதிரி மொத்தமாகத் திரும்பி. விரலில் மாத்திரை உருட்டுகிற நடுக்கத்தையும் விடவில்லை. சித்தூர் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் ஏரோது ராஜா நான்தான். பெரிய டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "மறுபடி" என்றார்.

அன்றிலிருந்து கிளாஸ் என்றால் கிரேசம்மா. பக்கவாதம், குடிகாரன் மாதிரி தள்ளாடுகிற சிறுமூளை நோய், கை கால் சும்மா நிற்காமல் கூத்தாடுகிற நோய், எல்லாம் நான். கூத்தாடுகிற நோயில் டாக்டர் தன் விரலைப் பிடிக்கச் சொன்னால் பால் கறக்கிற மாதிரி இறுக்கி இறுக்கி விடுவார்கள். அதைக்கூட நான் செய்வேன். இன்றைக்குப் பெரிய ஊர்களில் நரம்பு டாக்டர்களாக இருக்கிறவர்கள் பலர் முதலில் பார்த்த நோயாளி நான்தான். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். மற்ற ஆயாக்கள் பின்னால் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும். பெரிய டாக்டர் வீட்டிலிருந்து வருகிற காப்பி, கிளாஸ் முடிந்ததும் முதல் டம்ளர் எனக்கு வந்தது, அவர்களுக்கு வரவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் சரோஜா வந்தாள்.

சத்தியவேட்டுப் பக்கம், விவசாயக் குடும்பம். வயசு என்னைவிட ரொம்பக் குறைவு. கொடி மாதிரி உடம்பு. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, அதுவே எனக்கு எரிச்சல். ஒரு கிளாசில் கால் முறுக்கிக்கொள்கிற நோயைக் காட்ட வேண்டியிருந்தது. அதுவும் டிஸ்டோனியாதான், கழுத்துக்குப் பதில் கால். பாதம் உள்பக்கம் மடங்கி, குதிகால் தரையில் படாமல், பெருவிரல் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். எனக்கு வரவில்லை. என் பாதம் அகலம், கணுக்கால் பருமன். இரண்டு தரம் முயன்றேன், மூன்றாம் தரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டேன். மூலையில் நின்ற சரோஜா, "சார், நான் செய்யட்டா?" என்று கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுச் செய்தாள். கயிறு முறுக்குகிற மாதிரி அந்தக் கால் திரும்பியது. ஸ்டூடண்டுகள் கை தட்டினார்கள். எனக்கு ஒரு நாளும் கை தட்டியதில்லை. அன்றைக்கு முதல் டம்ளர் காப்பி அவளுக்குப் போனது.

துணி அறையில் தனியாக இருந்தபோது நானும் செய்து பார்த்தேன். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். அவள் அப்போதுதானா உள்ளே வர வேண்டும்.

"அக்கா, நீங்க நடுக்கக் கெழவரு செய்யுங்கோ. காலு சமாச்சாரம் நான் பாத்துக்கறேன்."

"ஏன்டி, காலு உனக்கு மட்டும்தான் கர்த்தர் குடுத்தாரா?"

"எல்லாருக்கும் குடுத்தாருக்கா. உங்களுக்குக் கொஞ்சம் தாராளமா குடுத்துட்டாரு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டும் போனாள். நான் அன்றைக்கு ராத்திரி சோறு தின்னவில்லை.

இப்போது மல்லிகாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரிப் பக்கம் தறிக்காரர் வீட்டுப் பெண், ஏழாவது படித்துக்கொண்டிருந்தவள். வலது கால் உள்பக்கம் முறுக்கிக்கொள்கிறது. முதலில் எலும்பு கட்டுகிறவரிடம் கொண்டு போனார்கள். அவர் நல்ல மனிதர், தடவிப் பார்த்துவிட்டு, "இது எலும்பு இல்லை, நான் கட்ட மாட்டேன்" என்று அனுப்பிவிட்டார். அப்புறம் மந்திரம், தாயத்து. வீட்டில் எல்லாரும் நடிப்பு என்று முடிவுகட்டிவிட்டார்கள். காரணம், அந்தக் கால் சில நேரம் நன்றாக இருந்தது. தறிக்கு நூல் சுற்ற உட்காரச் சொன்னால் முறுக்கிக்கொள்கிறது, பாண்டி ஆடும்போது நேராக இருக்கிறது. யார்தான் நம்புவார்கள்?

அவள் அம்மா சேர்த்த அன்றைக்கே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆயாம்மா, இங்கயும் நடிப்புன்னு சொல்லிட்டாங்கன்னா, அவங்க நைனா இவள இட்டுக்கினு போயி, பேய் புடிச்சவங்கள சங்கிலி போட்டுக் கட்டி வெக்கிற எடம் ஒண்ணு கீதே, அங்க உட்டுட்டு வந்துருவாரு. சொல்லிட்டாரு. ஒரு வருசமானாலும் கெடக்கட்டும்னு சொல்லிட்டாரு."

பெண் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பேன் பார்த்து, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டது நான். என் வார்டு, என் பெண் என்று நினைத்தேன்.

பெரிய டாக்டர் அந்த வாரம் மெட்ராசுக்கு ஏதோ மீட்டிங் போயிருந்தார். கிளாஸ் எடுத்தது அவருக்குக் கீழே இருந்த சின்ன டாக்டர். கெட்டிக்காரர்தான், அவசரக்காரர். காலையில் மல்லிகாவை நடக்கச் சொன்னார். நேராக நடந்தாள். மத்தியானம் கால் முறுக்கியது. பின்பக்கமாக நடக்கச் சொன்னார், நேராகிவிட்டது. அவர் சிரித்தார். பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு, "சரோஜா, அந்தப் பொண்ணு மாதிரி நடந்து காட்டு" என்றார். சரோஜா நடந்தாள். அச்சு அசல். யார் மல்லிகா, யார் சரோஜா என்று பாவாடையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"பாத்தீங்களா? சரோஜாவுக்கு நரம்பு நோயா? இல்ல. இவ செய்ய முடியுதுன்னா அவளும் செய்ய முடியும். காலைல மறந்துட்டா, பின்னாடி நடக்குறப்போ மறந்துட்டா. டிஸ்சார்ஜ் எழுதுங்க."

சரோஜாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கை தட்டினார்கள்.

ஊருக்குச் சொல்லி அனுப்பி, மறுநாள் சாயங்காலம் பெண்ணின் அப்பா வந்துவிட்டார். கையில் ஒரு பை. சண்டை போடுகிற ஆள் இல்லை, களைத்துப்போன ஆள். கேட் அருகில் பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா துணியை மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில்தான் பெரிய டாக்டர் ஸ்டேஷனிலிருந்து நேராக வந்து இறங்கினார்.

நான் அவரிடம் போனேன். மல்லிகாவுக்காகப் போனேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் போனது சரோஜாவைப் பற்றிச் சொல்ல. முந்தின நாளிலிருந்து அந்தக் கைதட்டல் என் காதில் இருந்தது.

"சார், நீங்க இல்லாதப்போ சரோஜா அந்தக் கால் நோயத் தப்பா செஞ்சா. அத வச்சி அந்தப் பொண்ண அனுப்புறாங்க."

"தப்பா? எது தப்பு?"

"தப்புதான் சார்."

"சரி, சரியா நீ காட்டு."

எனக்குக் காட்டத் தெரியாது. எது தப்பு என்றும் தெரியாது. ஆனால் வாயை விட்டாயிற்று, பின்வாங்குவது என் பழக்கம் இல்லை. "ரெண்டு பேரையும் ஒண்ணா நடக்க வச்சிப் பாருங்க சார், தெரியும்" என்றேன். பெரிய டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தார். சின்ன டாக்டரையும் ஸ்டூடண்டுகளையும் கூப்பிட்டார். கேட்டில் நின்ற அப்பாவை உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.

சாயங்கால வெயில் வராந்தாவில் பாதி வரைக்கும் விழுந்திருந்தது. மல்லிகாவின் கால் அப்போது நன்றாக முறுக்கியிருந்தது. சரோஜாவை அவள் கண்ணில் படாதபடி பின்னால் நிறுத்தி, அதே மாதிரி நடக்கச் சொன்னார். இரண்டு பேரும் நடந்தார்கள். ஒரு வித்தியாசமும் இல்லை.

"சரோஜா, நடந்துக்கிட்டே சொல்லு. நேத்து வீட்டுல என்ன கொழம்பு?"

"கருவாடு சார்."

"எப்படி வச்ச? மொதல்லருந்து சொல்லு."

"மொதல்ல புளி ஊற வச்சேன் சார், அப்புறம் வெங்காயம்…" வெங்காயத்துக்கு வரும்போது சரோஜாவின் குதிகால் தரையில் இருந்தது. அவளுக்கே தெரியவில்லை. ஒரு பையன் சிரித்த பிறகு குனிந்து பார்த்துவிட்டு மறுபடி முறுக்கிக்கொண்டாள்.

"நீ சொல்லும்மா, உங்க வீட்டுல என்ன கொழம்பு வப்பாங்க?"

"எங்க ஊட்டுல கொழம்பு தெனம் கெடயாது சார். ஞாயித்துக்கெழம கொழம்பு. அன்னிக்கு எங்கம்மா கடசியா துன்னும், அதுக்கு வெறும் சட்டிதான் கெடைக்கும்." மல்லிகா பேசிக்கொண்டே வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போனாள். கால் முறுக்கியது முறுக்கியபடி கூடவே போனது.

"இப்போ ரெண்டு பேரும் பின்னாடி நடங்க."

மல்லிகா பின்பக்கமாக நடந்தாள். பாதம் முழுசாகத் தரையில் பதிந்தது. சரோஜா பின்பக்கமாக நடந்தாள். அவள் கால் முறுக்கியபடியே இருந்தது.

சின்ன டாக்டர் உடனே, "இதான் சார் நான் சொன்னது. பின்னாடி நடக்குறப்போ நேராயிடுது. நிஜ நோயா இருந்தா எப்படி நேராகும்?" என்றார்.

"அவுனா, அப்படியா?" என்றார் பெரிய டாக்டர். "இங்க நடிக்கிறவ யாரு?"

"சரோஜா சார்."

"நடிக்கிறவ பின்னாடி எப்படி நடந்தா?"

சின்ன டாக்டர் குனிந்து சரோஜாவின் காலைப் பார்த்தார்.

"கால் முறுக்குற நோய்னா எந்தப் பக்கம் நடந்தாலும் முறுக்கும்னு சரோஜா நெனைக்கிறா. யாரும் அப்படித்தான் நெனைப்பாங்க. நடிக்கிறவங்க நாம நெனைக்கிற நோயத்தான் நடிப்பாங்க. இந்த நோய் நம்மளக் கேட்டு நடக்காது. முன்னாடி போனா முறுக்கும், பின்னாடி போனா விடும். இதை ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு எங்க போய்க் கத்துக்குவா?" அப்புறம் பெரிய டாக்டர் குரலைத் தாழ்த்தி, "மனசுலருந்து வர்ற நோயும் நோய்தான். அதுக்கும் நடிப்புன்னு பேரு வக்காதே" என்றார்.

நான் விடவில்லை. "பாத்தீங்களா சார், தப்பா செய்றான்னு நான் சொன்னேனே."

"தப்பா இல்ல கிரேசு. ரொம்ப நல்லா செஞ்சா. அவ்வளவு நல்லா செஞ்சதாலதான் வித்தியாசம் தெரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு சரோஜாவின் தோளைத் தட்டினார். அவள் தப்பு செய்தாலும் அவளுக்குத்தான் பாராட்டு. என்ன செய்வது?

அப்புறம் அவர் அந்த அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்க ஆரம்பித்தார். காலையில் எப்படி?

"காலைல எழுந்தா மான் கணக்கா ஓடுவா சார். பொழுது சாயச் சாய முறுக்கிக்கும். மத்தியானம் தூங்கி எழுந்தா கொஞ்ச நேரம் நல்லாகீது. அதுக்கோசரந்தானே எல்லாரும் நடிப்புன்றாங்க."

பெரிய டாக்டர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. காலையில் விட்டு, பொழுது சாய முறுக்குகிறது என்றால் அது மருந்துக்குக் கேட்கிற வகையாக இருக்கலாமாம். மறுபடி கேட்டார், வேறு வேறு விதமாகக் கேட்டார். ஏதாவது மாத்திரை, ஊசி போட்ட பிறகு ஆரம்பித்ததா? இல்லை. மஞ்சள் காமாலை வந்ததா? இல்லை. கண் பிரிவுக்கு அனுப்பி, கருவிழி ஓரத்தில் வளையம் இருக்கிறதா என்று விளக்கு வைத்துப் பார்க்கச் சொன்னார். உடம்பில் செம்பு சேர்கிற ஒரு நோய் இருக்கிறதாம், அதிலும் கால் இப்படி முறுக்குமாம், கண்ணில் வளையம் தெரியுமாம். அந்த அம்மா பயந்துபோய், "நாங்க அலுமினியத்துலதான் சார் ஆக்கறோம்" என்றாள். கண்ணில் வளையம் இல்லை.

அப்பாவிடம் பேசியதுதான் கஷ்டம். "ஒரு மருந்து இருக்கு. பலிக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நாலு நாள் குடுங்க" என்றார் பெரிய டாக்டர். அப்பா பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரிங்க சார், நாலு நாளு. அப்பறமும் காலு திரும்பிச்சின்னா நீங்க தடுக்கக் கூடாது" என்றார். பெரிய டாக்டரும் சரி என்றுவிட்டார்.

கொடுத்தது என்ன மாத்திரை தெரியுமா? நடுக்கு வாதக் கிழவர்களுக்குக் கொடுக்கிற அதே மாத்திரை, அதில் ஒரு துண்டு. என் கிழவர் மாத்திரை! அதை நான்தான் உடைத்துக் கொடுத்தேன். காலையிலும் சாயங்காலத்திலும் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் வேலையையும் எனக்கே கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் முறுக்கியது. இரண்டாம் நாளும் முறுக்கியது, ஆனால் விளக்கு வைத்த பிறகு. மல்லிகா காலைப் பார்க்கவே மாட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். மூன்றாம் நாள் சாயங்காலம் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வந்து கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான், கால் முறுக்கவில்லை என்று எனக்கு உறைத்தது. அதை வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்கும் பயம்.

நாலாம் நாள் பொழுது சாயும்போது அப்பா அதே பையோடு வந்தார். கேட்டில் அவரைப் பார்த்ததும் மல்லிகா வராந்தாவிலிருந்து இறங்கி அவரிடம் நடந்து போனாள். சாதாரணமாக, எல்லாரும் நடக்கிற மாதிரி. அவர் அங்கேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டார்.

சில வாரம் கழித்து மறுபடி காட்ட வந்தார்கள். புதுப் பாவாடை. கிளாஸ் நாள் அது. பெரிய டாக்டர் அவளை ஸ்டூடண்டுகள் முன்னால் சாயங்காலத்தில் நடக்க வைத்தார், ஓட வைத்தார். சந்தோஷத்தில் அவர் ஒன்றை மறந்துவிட்டார். நாங்கள் எப்போதும் நோயாளி கண்ணில் படாதபடிதான் நடந்து காட்டுவோம். புதிதாக வந்த ஒரு பையன், "சார், முன்னாடி எப்படி நடந்தாங்க?" என்று கேட்டான். பெரிய டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. "சரோஜா" என்றார்.

சரோஜா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். முன்பைவிட நன்றாகவே நடந்தாள், அந்தப் பாழாய்ப்போனவள். குதிகால் தூக்கி, பாதம் மடங்கி, இடுப்பு ஒடிந்து, ஒரு கையால் காற்றைப் பிடித்துக்கொண்டு.

மல்லிகா தன் நடையை அதுவரை பார்த்ததில்லை. யார்தான் தன் நடையைப் பார்க்க முடியும்? வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். "நானா?" என்று கேட்டாள். அறைக்கு நடுவில் போய், தரையில் உட்கார்ந்து, சரோஜாவின் அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்தாள். உள்ளே மடங்கியிருந்த விரல்களைப் பிரித்து, பாதத்தை மெள்ளத் திருப்பி, குதிகாலைத் தரையில் அழுத்தி வைத்தாள்.

"வோணாங்க்கா. வலிக்கும்" என்றாள்.

சரோஜா அழுதுவிட்டாள். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி, "சாலு, சாலு, போதும்" என்றார். அதற்குப் பிறகு அந்த டிபார்ட்மெண்டில் யாரும் எந்த நோயையும் நடந்து காட்டவில்லை. அவளுடையதும் போயிற்று, என்னுடையதும் போயிற்று. சரோஜா பல வருஷம் என்னோடு வேலை பார்த்தாள், என் பெண் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினாள். நல்லவள்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பேன் பார்த்தது நான், எண்ணெய் வைத்தது நான், மாத்திரை உடைத்தது நான். பெரிய டாக்டரிடம் போய் வாயைத் திறந்ததும் நான். அந்தப் பிள்ளை குனிந்து பிடித்தது சரோஜாவின் காலை. நானும் அந்த அறையில்தான் நின்றிருந்தேன், என் கால் இரண்டும் நேராக.